'அருவா வாங்கி என்னம்மா பண்ணப் போற?'

2025 பொங்கல் லீவு முடிந்து சென்னைக்குத் திரும்பியபோது என் பையில் ரெண்டு ஜீன்ஸ், அம்மா சுட்ட முறுக்கு, ஒரு கிலோ பன்னீர் திராட்சை, மூன்று அருவா இருந்தன. விடியற்காலை ஐந்து மணி. பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ தேடிக்கொண்டிருந்தவளை நிறுத்தி, "பையைத் திறங்கம்மா" என்றார் ஒரு பெண் காவலர்.

முறுக்கைத் தாண்டி, பேப்பர் சுற்றிய பொட்டலத்தில் கை பட்டதும் அவர் முகம் மாறியது. ஆபீஸ் ஐடி கார்டைக் காட்டினேன். தேனி மாவட்டம், ராயப்பன்பட்டி, அப்பா திராட்சை விவசாயி, அருவா சேர்ப்பது என் பழக்கம் என்று சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது புல்லறுக்குற கருக்கருவாதானே? பல்லு ஏன் தப்பான பக்கம் இருக்கு?"

"தப்பான பக்கம் இல்ல மேடம். நான் நொட்டாங்கைக்காரி."

சிரித்துவிட்டார். அவரும் புல்லறுத்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வராது.

கருக்கருவாவை நீங்களும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மழமழவென்று இருக்கும். மறுபக்கம் வாயோரமாகச் சாய்வாக, நெருக்கமாகக் கோடு வெட்டியிருக்கும். அதுதான் கருக்கு. வலது கையில் பிடித்து இழுப்பதற்கென்று வெட்டிய சாய்வு அது. இடது கையில் பிடித்தால் அருவா கோணிக்கொண்டு மேலே ஏறும். எனக்குப் பத்து வயதில் ஏறியது. எங்கள் ஊருக்குக் கிழக்கே மேகமலை, அடிவாரத்தில் சண்முகாநதி அணை. அந்தப் பக்கத்துத் தோட்ட வரப்பில் ஆட்டுக்குப் புல்லறுக்கும்போது, புல்லைப் பிடித்திருந்த வலது கை ஆள்காட்டி விரலில் மூன்று தையல். "நொட்டாங்கையை விடுன்னா கேக்குறாளா" என்று அப்பத்தா என்னைத்தான் திட்டினார். அருவாவை யாரும் திட்டவில்லை.

அடுத்த வாரம் அப்பா அந்த அருவாவுக்குக் கருக்கு வைக்கப் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போனபோது நானும் போனேன். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துவிட்டு ஆசாரி தாத்தா, "எந்தக் கையில புடிப்ப பாப்பா?" என்று கேட்டார். காட்டினேன். அப்பா ஏதோ சொல்ல வந்தார். தாத்தா காதில் வாங்காமல், எனக்கென்று சின்னதாக ஒன்றை அடித்து, உளியை மறுபக்கம் வைத்துக் கருக்கு வெட்டிக் கொடுத்தார். இடது கையால் சாப்பிட்டால் அடி, கோயிலில் இடது கையை நீட்டினால் திட்டு. என் கை இப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டு ஒரு பொருள் வந்தது அதுதான் முதல்முறை.

டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்து முதல் சம்பளத்தில் எல்லோரும் போன் வாங்கினார்கள். நான் தாத்தாவிடம் ஒரு வெட்டருவா சொன்னேன். "அருவா வாங்கி என்னம்மா பண்ணப் போற?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படியே சேர ஆரம்பித்தது.

வாழைத்தார் வெட்டுவதற்கு ஒன்று. தென்னை மட்டை கழிக்க முதுகு கனத்த ஒன்று. தொரட்டிக் கம்பில் மாட்டுகிற வளைந்த கத்தி. ஏலத்தோட்டத்துக்கு வாக்கத்தி. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடிய ஜீப்பில் கிளம்பி மலையேறி இடுக்கிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கையில் அதைப் பார்க்கலாம். பெயரே மலையாளத்திலிருந்து இறங்கி வந்ததுதான். இதற்கெல்லாம் முன்னால், அப்பா செய்த பழம் அறுக்கிற கத்தி: உடைந்த ஆக்ஸா பிளேடைத் தீட்டி, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது. செலவு பூஜ்யம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தக் கத்திக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம்.

எல்லாம் ஒரே பட்டறையில் கிடைக்காது. "வாக்கத்தியா? கம்பத்துல ஒருத்தர் இருக்காரு, நான் சொன்னேன்னு சொல்லு", "கருக்கு சன்னமா வேணும்னா சின்னமனூர் போ" என்று தாத்தா அனுப்புவார். அங்கே போனால் அவர்கள், "இது அவரு கை வேலைல்ல?" என்று என் பையில் இருப்பதை வாங்கிப் பார்ப்பார்கள். பிடிக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி குத்தியிருந்தால் தாத்தா, ஒரு எழுத்து இருந்தால் கம்பத்துக்காரர். நாலைந்து பட்டறைதான். ஒருவர் குறையை ஒருவர் சொல்வார்கள், ஆனால் வெளியாள் சொன்னால் கோபம் வரும். நான் வெளியாள் இல்லை என்று ஆவதற்கு ரெண்டு வருடம் ஆனது.

இரும்பு எல்லோருக்கும் ஒன்றுதான்: பழைய லாரி பட்டை. வண்டியின் பாரத்தை வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து தாங்கிய அந்த எஃகு, அருவாவுக்கும் பொருத்தம். நேபாளத்தில் குக்ரி அடிக்கிறவர்களும் லாரி பட்டையைத்தான் தேடுகிறார்கள். பட்டறை எப்போதும் அரையிருட்டாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வெளிச்சத்தில் இரும்பின் நிறம் தெரியாது. செக்கச்செவேலென்று பழுத்ததும் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்குவார் தாத்தா. செங்கல் துண்டால் சட்டென்று ஒரு தேய்ப்பு. முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்க்கு இறங்க இறங்க வைக்கோல் நிறம், தவிட்டு நிறம், ஊதா, நீலம் என்று ஓடும். சரியான இடத்தில் மறுபடி தண்ணீர். சீக்கிரம் முக்கினால் கல்லில் பட்டதும் பல்லு தெறிக்கும், தாமதித்தால் மொண்ணை. இந்தச் சில விநாடிகளில் பேசினால் யாராக இருந்தாலும் திட்டு விழும். நான் செல்போனில் வீடியோ எடுத்தபோது விழுந்தது.

அருவா என்றதும் உங்களுக்குத் திருப்பாச்சேத்தி ஞாபகம் வந்திருக்கும். மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகிற வழியில் இருக்கிற அந்த ஊருக்கும் போனேன். அய்யனாருக்கும் கருப்பசாமிக்கும் நேர்த்திக்கடனாக ஆள் உயரத்துக்கு அருவா செய்கிறார்கள். சினிமாவில் காட்டுவது வேறு.

சினிமாவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? டெஸ்க்கில் உட்கார்ந்து 'அரிவாளால் வெட்டிய' என்று வாரத்துக்கு எத்தனை முறை டைப் செய்கிறேன்! கூடவே ரத்தம் சொட்டுகிற ஒரு படம். அந்தப் படத்தை மாற்றலாமே என்று ஒருமுறை கேட்டேன். "வேற எதைப் போடுறது?" என்றார்கள். நியாயமான கேள்விதான். வெட்டுப்பட்டவர் வீட்டுக்கு அது விவசாயக் கருவி என்று பாடம் எடுக்க முடியாது.

ஆயுதச் சட்ட விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் வரும். வீடு, விவசாயம், தொழில் என்று இதற்காகவே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு அதை நிரூபிப்பது நம் சாமர்த்தியம். 2021 செப்டம்பரில் தமிழகம் முழுக்க ரவுடிகளைத் தேடிப் போலீஸ் வேட்டை நடத்தியபோது, பட்டறைகளும் கடைகளும் அருவா வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தாத்தா கேமரா வைக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டார். பேரன் எழுதுவான். அதில் அதிக முறை இருக்கிற பெயர் என்னுடையது. தெரியாத இளவட்டங்கள் வந்தால், "இப்ப அடிக்கிறதில்ல தம்பி" என்று அனுப்பிவிடுவார். "எவன் எதுக்கு வாங்குறான்னு நான் எப்புடிக் கண்டேன்" என்பார்.

நெல்லறுக்க மிஷின், கவாத்துக்குக் கத்திரி என்று வந்தபிறகு அடிக்கிற வேலையும் குறைந்துவிட்டது. மகன் ஏலத்தோட்ட ஜீப் ஓட்டுகிறார். அந்தப் பொங்கலுக்குப் போனபோது துருத்தி இருந்த இடத்தில் பைக் நின்றது. "தோளு ஏற மாட்டேங்குது பாப்பா. போதும்" என்று, கடைசியாக அடித்து வைத்திருந்த மூன்று அருவாவை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பிறகு, "மொதச் சம்பளத்துல வாங்குன வெட்டருவா எங்க?" என்றார்.

பெருமையாகப் போனை எடுத்தேன். சென்னை ரூம் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டி, மேலே எல்இடி லைட் போட்டு எடுத்த போட்டோ. இன்ஸ்டாகிராமில் நல்ல லைக் வாங்கியது. தாத்தா படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். ஓரங்களில் உப்புக்காற்றுக்குத் துரு ஏறியிருந்தது.

"வாயில ஒரு பொட்டு தேயலையே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வாரம், ஜனவரி 23, தமிழ் மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்ற ஆய்வறிக்கையை முதல்வர் வெளியிட்டார். சிவகளை, கரிம ஆய்வு, கி.மு. என்று எங்கள் டெஸ்க் பரபரத்தது. அந்தச் செய்தியை ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி. தாத்தாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்புடியா" என்றார். "தேங்காண்ணெ போட்டியா?" என்று கேட்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றிக் கொண்டுபோனேன். வாக்கத்தி ஏலத்தோட்டத்துக்குப் போகிற அத்தைக்கு. வெட்டருவாவும் வாழை அருவாவும் அப்பாவுக்கு. எனக்கென்று கருக்கருவாவை மட்டும் தோட்டத்தில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை போகும்போது ஆட்டுக்குப் புல்லறுக்கிறேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கருக்கு மழுங்கிவிட்டது. தாத்தா பட்டறை இல்லை. சின்னமனூருக்கு எடுத்துப் போனேன்.

மூன்று புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் எதுவும் கேட்கவில்லை. நொட்டாங்கைக்கு என்று ரெண்டு தடவை சொன்னேன். அப்படியே இன்னொன்று புதிதாகவும் வேண்டும் என்றேன். பழையதை உலையில் வைத்து இளக்கி, உளியை ஞாபகமாக மறுபக்கம் வைத்து வெட்டிக் கொடுத்தார். புதியதை ஆரம்பித்தபோது பக்கத்து டீக்கடைக்காரர் வந்து பேச்சுக் கொடுத்தார். பாதி வெட்டியபிறகுதான் ரெண்டு பேரும் கவனித்தோம். பல்லு ஊரில் எல்லோருக்கும் இருக்கிற பக்கம் இருந்தது.

"நாப்பது வருசப் பழக்கம் பாப்பா, கை அதுபாட்டுக்குப் போயிருது" என்று அதை ஓரமாகப் போட்டுவிட்டு, டீக்கடைக்காரரைக் கிளம்பச் சொன்னார். பட்டையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து உலையில் வைத்தார்.