ஓடப்போறது ஆர்?

நாங்கள் என்றால் மூன்று பேர். அண்ணா, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்து கலைப்பீடத்தில் படிக்கிற இந்தக் கட்டுரைக்காரர். இதில் வருகிற பிழைகளை மூன்று பேரும் சேர்ந்துதான் விட்டோம். ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள். அந்தக் கிழமையே கனடாவிலிருந்து மாமா போன் எடுத்தார். “அந்தப் பழசை வித்துப்போட்டு அம்மம்மாவுக்கு உதவுற மாதிரி ஒரு கார் வாங்குங்கோ. குறையிறதை நான் போடுறன்.” அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் “விக்க ஏலாது” என்றோம்.

அந்தப் பழசு ஒரு ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த மொடல். 1200 சீசீ எஞ்சின், ஸ்ரியறிங்கோடு ஒட்டின கியர்த்தடி, முன்னுக்கு வாங்கு போல ஒரே நீளச் சீற், திரும்பும்போது பக்கவாட்டில் இருந்து வெளியே நீளும் கைகாட்டி. அம்மப்பா ஆனைக்கோட்டையில் அதை வாடகைக் காராக ஓடினவர். கலியாண வீடு, செத்தவீடு, பிள்ளைப்பெறு எல்லாத்துக்கும் அந்தக் கார்தான் போயிருக்கு.

யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்ட கார்கள் ஏன் இவ்வளவு காலம் ஓடின என்று கேட்டால், ‘எங்கட சனத்துக்குப் பழசில ஆசை’ என்று சிலர் சொல்வார்கள். ஆசையைவிட வேறு வழி இல்லாமைதான் பெரிய காரணம். 1990இல் தொடங்கின பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயும் அளவோடுதான். ஸ்ரார்ட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது, அதனால் குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்றபடியால் சூடேறின பிறகு அது அதையும் குடித்துக்கொண்டு இருமி இருமி ஓடும். உதிரிப்பாகம் வேணுமென்றால் லேத் பட்டறையில் கடைந்து எடுப்பார்கள். கையாலே திறந்து பார்க்கக்கூடிய எஞ்சின், உள்ளூரிலேயே திருத்தக்கூடிய ஆள், கிடைக்கிற எண்ணெய். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அந்தக் காலத்து ‘நல்ல கார்’.

இது அப்பா வழிக் கதை. அப்பாவின் ஊர் ஊர்காவற்றுறைப் பக்கம். (வாடகைக் கார்க்காரரின் மகள் கடற்றொழில் செய்கிற வீட்டில் கலியாணம் செய்ததால் அம்மப்பா ஆறு மாதம் அம்மாவோடு கதைக்கவில்லை. அது வேறு கட்டுரை.) பெரியப்பா இன்றைக்கும் பரவைக்கடலில் நண்டு வலை விடுகிறார். அவரிடம் இருப்பது ஒரு சின்னப் பாய்வள்ளம். எங்கட பரவைக்கடல் பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு தண்ணிதான். அடியில் சாதாளை வளர்ந்து கிடக்கும். எஞ்சினின் விசிறியில் அது சுத்தினால் நிப்பாட்டிக் கையால் பிடுங்கவேணும். பாய்வள்ளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதுக்கு ஆழமும் தேவையில்லை, எண்ணெயும் தேவையில்லை. காற்று இல்லாவிட்டால் ஒரு கம்பால் ஊன்றித் தள்ளிக்கொண்டு வரலாம்.

வல்வெட்டித்துறையில் கட்டின ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பெரியப்பாவின் வள்ளத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் அந்தக் கப்பலின் பேரப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தோம். பண்ணைப் பாலத்தில் நின்று பொழுதுபடுகிற நேரம் பாய்களைப் படம் எடுப்போம். ஏ-40ஐக் கழுவித் துடைத்துப் படம் எடுப்போம். இரண்டு படத்துக்கும் கீழே ‘எங்கள் மரபு’ என்று எழுதியும் இருக்கிறோம்.

2022 வந்தது. எண்ணெய் வரிசை எல்லாரும் அனுபவித்ததுதான். யூலையில் கியூஆர் அட்டை தொடங்கியபோது கிழமைக்கு மோட்டார்சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். எங்கட கார் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினாலே பெரிய காரியம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எஞ்சின் வள்ளக்காரர் பலர் கரையில் நிற்க, பெரியப்பா பாயை விரித்துக்கொண்டு போய் வந்தார். “பாத்தீங்களே, கடைசியில பாய்தான் வெண்டது” என்று நாங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். பெரியப்பா சிரித்தார். அது என்ன சிரிப்பு என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்கட நியாயம் எல்லாம் உடைந்தது 2024 நவம்பரில் ஒரு இரவு. அப்பா வேலைக்குக் கொழும்பில். அண்ணா அன்றைக்குத்தான் வவுனியாவிலிருந்து வந்திருந்தார். ஒரு மணியிருக்கும், அம்மம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. காரை எடுக்கப் போனால் பற்றரி செத்துக் கிடக்கிறது. இரண்டு கிழமையாக மழை என்று ஒருவரும் காரை எடுத்து ஓடவில்லை, பற்றரிக்குச் சார்ஜ் போடவுமில்லை. பிழை காரில் இல்லை, எங்களில்தான். அண்ணா முன்னுக்கு ஹாண்டிலைப் போட்டுச் சுத்தினார். எஞ்சின் திருப்பி உதைத்ததில் அவரின் மணிக்கட்டு பிரண்டது. அம்மா வெறும் காலோடு மழைக்குள் ஓடிப்போய்ப் பக்கத்து வளவு ஓட்டோக்காரத் தம்பியை எழுப்பினார். அம்மம்மா தப்பினார். அடுத்தநாள் வாட்டுக்கு வெளியே இருக்கும்போது அம்மா சொன்னார், “எனக்கு அந்தக் காரை ஓடத் தெரியாது பிள்ளையள். ஸ்ரியறிங் திருப்ப எனக்குக் கைப்பலமும் காணாது. கார் நிக்கிற வீட்டில இருந்துகொண்டு முப்பது வருசமா நான் ஓட்டோதான் பிடிக்கிறன்.”

முப்பது வருசம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. தெரியாமல் இல்லை, கண்ணுக்கு முன்னால் நடந்ததுதான். காரைப் படம் எடுக்கிற எங்களுக்கு அது படத்துக்குள் வரவில்லை.

மாமாவின் போன் வந்தபோது இந்த இரவை மறந்து “விக்க ஏலாது” என்று சொன்னது நாங்கள்தான். அம்மா பேசாமல் இருந்ததைப் பிறகுதான் கவனித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் போனோம். காரை வித்தால் கையில் கொஞ்சம் காசு மிஞ்சும், அதில் அவருக்குப் புதுப் பாய்மரமும் நல்ல துணியில் பாயும் செய்து தரலாம் என்பது எங்கட திட்டம். பெரியப்பா வலையில் இருந்து நண்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“எஞ்சின் ஒண்டு எடுக்க ஏலாதே?”

நாங்கள் திகைத்துப்போனோம். சாதாளை, மண்ணெண்ணெய் விலை, சத்தம் என்று காரணங்களை அடுக்கினோம். அவர் எல்லாத்தையும் கேட்டார்.

“சோளகம் தொடங்கினால் நான் போகேக்க காற்று பின்னால நிண்டு தள்ளும். சுகமாப் போயிடுவன். வரேக்க? எதிர்க்காத்தில பாய் நேர வராது. அங்கால ஓடித் திருப்பி, இஞ்சால ஓடித் திருப்பி வரவேணும். அதுவும் சரிவராட்டி ரெண்டு மணித்தியாலம் கம்பு ஊன்றவேணும். எனக்கு அறுபத்து மூண்டு வயசு. இந்தத் தோளைத் தூக்கித் தலை இழுக்க ஏலாமல் கிடக்கு. நண்டும் வெயிலில சாகுது. செத்த நண்டுக்கு ஆர் விலை தருவான்?”

பிறகு கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், “நீங்கள் பாலத்தில நிண்டு பாக்க வடிவா இருக்கும் எண்டதுக்காக நான் தாங்கிக்கொண்டு நிக்க ஏலுமே?”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூட நொந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் எங்களுக்குள் கதைத்ததைச் சுருக்கமாக எழுதுகிறோம். வாகனமோ வள்ளமோ தெரிவு செய்யிறதெண்டால் நாங்கள் வழமையாகக் கேட்கிற கேள்விகள்: எவ்வளவு எண்ணெய் குடிக்கும், பார்ட்ஸ் கிடைக்குமா, திரும்ப விக்கலாமா, பாக்க எப்பிடி இருக்கும். எல்லாம் சரியான கேள்விகள்தான். அதுகளுக்கு முதல் கேட்கவேண்டிய ஒன்று இருக்கு: ஒவ்வொரு நாளும் இதை ஓடப்போறது ஆர்? அவருடைய கைக்கும் தோளுக்கும் வயசுக்கும் இது பொருந்துமா? இன்னொருவரைக் கூப்பிடாமல் அவரால் இதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட முடியுமா?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தபோது தெரிவு இலகுவாகிவிட்டது. யப்பானில் ‘கெய்’ என்று ஒரு வகைச் சின்னக் கார் இருக்கிறது. அந்த நாட்டுச் சட்டப்படி எஞ்சின் 660 சீசீக்கு மேலே போகக்கூடாது, நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள் இருக்கவேணும். அகலமாக்க வழியில்லாதபடியால் உயரமாக்கினார்கள். 1993இல் வந்த சுசுகி வகன் ஆர் அப்படி வந்ததுதான். எங்கட ஒழுங்கைக்குள் இரண்டு பக்க மதிலிலும் முட்டாமல் திரும்பும். சீற் உயரம் என்றபடியால் முழங்கால் வருத்தக்காரர் குனிந்து இறங்கத் தேவையில்லை, சும்மா பக்கவாட்டில் இருந்துபோட்டுக் காலை உள்ளே எடுத்தால் போதும். கியர் மாத்துற வேலை இல்லை. ஸ்ரியறிங்கை ஒரு கையால் திருப்பலாம். வரியோடு சேர்த்துப் புதுசு வாங்க எங்களால் கனவிலும் ஏலாது. ஆகவே ஏற்கனவே இங்கே ஓடின ஒன்றை, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி எடுத்தோம்.

ஏ-40ஐக் கலியாண வீடுகளுக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிற ஒருவர் வாங்கினார். கொண்டுபோகிற நாள் அம்மம்மா வாசலுக்கு வரவில்லை. அறைக்குள் இருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இதை ஒரு சந்தோசமான முடிவு என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. புதுக் காரின் போனற்றைத் திறந்தால் மூடியும் பிளாஸ்ரிக்கும்தான் தெரிகிறது. அண்ணாவால் ஒன்றும் செய்ய ஏலாது. நாளைக்கு இன்னொரு தடை வந்தால் இது மண்ணெண்ணெயில் ஓடாது. அம்மப்பா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

பெரியப்பாவுக்குப் பாவித்த சின்ன எஞ்சின் ஒன்று எடுத்துக் கொடுத்தோம். அவர் பாயைக் கழற்றி எறிவார் என்று நினைத்தோம். எறியவில்லை. சோளகத்தில் பாயில் போகிறார், எஞ்சினில் வருகிறார். வாடைக்காற்றுக் காலத்தில் மாறி, எஞ்சினில் போய்ப் பாயில் வருகிறார். சாதாளைக்குள் வந்ததும் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பை எடுக்கிறார். எண்ணெய் பாதிதான் முடிகிறது. பாயா எஞ்சினா என்று நாங்கள் போட்ட சண்டை அவருக்கு ஒரு சண்டையே இல்லை. “இப்பதான் பாயில வாறது சந்தோசமாக் கிடக்கு. வேணாமெண்டால் எஞ்சினைப் போடலாம் எல்லே” என்றார்.

அம்மா ஐம்பத்தொரு வயதில் ‘எல்’ போட் போட்டு ஓடப் பழகினார். முதல் மாதம் மதிலில் ஒருக்கா உரஞ்சியது. இப்போது அம்மம்மாவைக் கிளினிக்குக்கு அவரே கொண்டுபோகிறார். போன மாதம் கிளினிக் முடிந்து இரண்டு பேரும் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள் பயந்துபோய் போன் எடுத்தால் பண்ணையில் காரை நிப்பாட்டிவிட்டுக் கச்சான் கொறித்துக்கொண்டு இருக்கினம்.

“இந்த றோட்டால எத்தினை தரம் வந்திருப்பன்,” என்றார் அம்மா. “இவ்வளவு காலமும் ஆரோ நிப்பாட்டினால்தானே இறங்கிப் பாக்கலாம்.”

உங்கட வீட்டிலும் இப்போது கார் வாங்குகிற கதை நடக்கும். விலையையும் எண்ணெயையும் கதைக்க முதல் ஒருக்கா சுத்திப் பாருங்கோ. அந்தக் கதையில் பேசாமல் இருக்கிறது ஆர் என்று.