கம்ப்யூட்டரில் இருக்கு... ரேக்கில் இல்லை!

— மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் பிரிவு மாணவன்

ஜவுளிக்கடையில் நின்று, "அண்ணே, இதே டிசைன்ல நாற்பத்திரண்டு சைஸ் இருக்கா?" என்று கேட்டிருப்பீர்கள். அவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். பத்து நிமிஷம் கழித்து, "இல்ல தம்பி, நாற்பதே போட்டுப் பாரு, துவைக்கத் துவைக்க விட்டுக் கொடுக்கும்" என்பார். நாமும் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுவோம். உண்மையில் அந்தச் சட்டை குடோனில் ஏதோ ஒரு பண்டலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்! சரக்கு இருப்பது வேறு, அது இருக்கிறது என்று தெரிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவதுதான், நாம் பாடத்தில் படிக்கிற தகவல் அமைப்பு.

போன தீபாவளி சீசனில் ஒரு ரெடிமேட் கடையில் சாயந்திர நேர வேலைக்குப் போனேன். லேபிள் அடிப்பதும், வந்த சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் வேலை. புத்தகத்தில் நான்கு பக்கத்தில் முடிந்துபோன விஷயம், கடையில் எவ்வளவு பெரியது என்று அங்கேதான் புரிந்தது.

மளிகைக் கடையில் சர்க்கரை என்றால் சர்க்கரைதான். துணி அப்படி இல்லை. ஒரே ஒரு சட்டை டிசைனை எடுத்துக்கொள்ளுங்கள். 38 முதல் 46 வரை ஐந்து சைஸ். ஐந்து கலர். அரைக்கை, முழுக்கை என்று இரண்டு. பெருக்கினால் 50 வகை! கடையில் 40 டிசைன் இருந்தால் 2000 வகை. ஒவ்வொன்றுக்கும் தனி இருப்பு, தனி விற்பனை. இதை நோட்டில் எழுதி மாளுமா? அதனால்தான் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தனி எண், அந்த எண்ணுக்கு ஒரு பார்கோடு.

பார்கோடின் கதை சுவையானது. அமெரிக்காவில் நார்மன் ஜோசப் உட்லண்டும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். மோர்ஸ் தந்திக் குறியீட்டை மனதில் வைத்து, கடற்கரை மணலில் விரலால் கோடு இழுத்தபோதுதான் உட்லண்டுக்கு இந்த யோசனை வந்ததாம்! ஆனாலும், கடையில் முதல் பொருள் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26-இல்தான். ஒஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்!

13 இலக்க பார்கோடில் கடைசி இலக்கம் காவல்காரன் மாதிரி. உதாரணமாக 890123456701 என்ற 12 இலக்கங்கள். இடமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடத்து எண்களைக் கூட்டினால் 20. இரட்டைப்படை இடத்து எண்களைக் கூட்டினால் 26, அதை மூன்றால் பெருக்கினால் 78. மொத்தம் 98. அடுத்த பத்தின் மடங்கான 100-க்கு 2 குறைகிறது. ஆக, 13-ஆவது இலக்கம் 2. ஏதாவது ஒரு இலக்கம் தப்பாகப் படிக்கப்பட்டால் கணக்கு இடிக்கும், எந்திரம் ஏற்காது. இன்னொன்று, 890-இல் தொடங்கினால் 'இந்தியாவில் தயாரானது' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த எண்ணைக் கொடுத்தது ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு என்று மட்டுமே அர்த்தம்.

சரி, பில் போட்டதும் இருப்பில் ஒன்று குறைகிறது. அதனால் என்ன லாபம்? எப்போது மறுபடி ஆர்டர் போடுவது என்று தெரிகிறது. வெள்ளைச் சட்டை 40 சைஸ் தினம் 3 விற்கிறது, சரக்கு வர 7 நாள் ஆகிறது என்றால், 21 கையில் இருக்க வேண்டும். திடீர்க் கூட்டத்துக்கு இன்னும் 9. ஆக இருப்பு 30-ஐத் தொட்டதும் கம்ப்யூட்டர் மணி அடிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு வேட்டி, பனியன், ஸ்கூல் யூனிஃபார்முக்குச் சரி. ஃபேஷன் துணிக்கு உதவாது. இந்தத் தீபாவளிக்குப் பறந்த டிசைன், பொங்கலுக்கே பழசு. அப்புறம் ஆடித் தள்ளுபடிதான் கதி! இந்தச் சிக்கலை ஸ்பெயின் நாட்டு 'ஜாரா' நிறுவனம் கையாண்ட விதத்தை உலகமே பாடமாகப் படிக்கிறது. 1975-இல் லா கொருன்யா நகரில் ஒரு கடையாகத் தொடங்கியது. முதலில் கொஞ்சமாகத் தைப்பது, எது விற்கிறது என்று கடைகளிலிருந்து கேட்பது, அதையே வேகமாகத் தைத்து வாரம் இரண்டு முறை அனுப்புவது. அதுதான் அவர்கள் வழி. 2014-இல் ரேடியோ அலையில் இயங்கும் ஆர்எஃப்ஐடி சில்லைத் திருட்டுத் தடுப்பு வில்லைக்குள்ளேயே வைத்து, அதைக் கடைகளில் பரப்பத் தொடங்கினார்கள். ஒவ்வொரு துணியாகத் தொட்டு எண்ண வேண்டாம், கருவியை ரேக் ஓரமாக நகர்த்தினால் போதும்.

ஆனால் நண்பர்களே, கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை.

தீபாவளி முடிந்ததும் நான் இருந்த கடையில் ஸ்டாக் எடுத்தார்கள். ஒரு டிசைனில், ஒரே கலரில் 42 சைஸ் சட்டை 11 குறைந்தது. ஒன்று 600 ரூபாய். 6600 ரூபாயை அந்தப் பகுதியில் நின்ற நான்கு சேல்ஸ்மேன்கள் தலையில் போட்டார்கள். ஆளுக்கு 1650 ரூபாய் சம்பளத்தில் பிடிப்பு! யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மூத்த அண்ணன் ஒருவர் மட்டும், "நாற்பது சைஸ் ரேக் நிறைய கெடக்கே தம்பி, அதை எவனும் எண்ணலையா?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

அதிகம் உள்ள சரக்கின் பட்டியலையும் பிரிண்ட் எடுத்தேன். அதே டிசைன், அதே கலர், 40 சைஸ் 9 கூடுதல்! பழைய பில்களைத் தேடினேன். 40 சைஸில் இரண்டு, மூன்று என்று ஒரே பில்லில் விற்றிருந்தது. ஒரே ஆள் ஒரே சைஸில், ஒரே கலரில் மூன்று சட்டை எடுப்பாரா? அண்ணன் தம்பிகளுக்கு ஒரே மாதிரி எடுத்திருக்கிறார்கள். கூட்ட நேரத்தில் கவுண்டரில் ஒரு லேபிளை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு '3' என்று தட்டியிருக்கிறார்கள். விலை ஒன்றுதான், பில் சரி, கல்லாவும் சரி. இருப்பு மட்டும் தப்பு.

மேனேஜரிடம் இரண்டு பட்டியலையும் வைத்தேன். நிஜக் குறைவு இரண்டே சட்டை என்று ஆனது. 1650 என்பது 300 ஆயிற்று. முந்தைய வருஷங்களில் பிடித்தது திரும்பி வரவில்லை.

வீட்டில் இதைச் சொன்னேன். அப்பா வேறொரு ஜவுளிக்கடையில் இருபது வருஷமாகச் சேல்ஸ்மேன். படிப்பு ஐந்தாவதுதான். எந்தத் துணி எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "எத்தனையோ தடவை பிடிச்சிருக்காங்கப்பா. கம்ப்யூட்டர்ல வந்துருச்சுன்னு சொன்னா, நாம என்னத்தைக் கேக்குறது?" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவுத் தோழர்களே, நாளைக்கு இந்த மாதிரி புரோகிராம்களை எழுதப் போவது நாம்தான். குறைவுப் பட்டியலை அச்சிடும்போது கூடுதல் பட்டியலும் சேர்ந்தே வரட்டும். சைஸ் உள்ள துணிக்கு எண்ணிக்கையைத் தட்டும் வசதி வேண்டாம், ஒவ்வொரு லேபிளும் ஸ்கேன் ஆகட்டும். யார், எப்போது, எந்தப் பதிவைப் போட்டார் என்பது நிற்கட்டும். இதற்கெல்லாம் நாலு வரி கோடு அதிகமாக எழுத வேண்டிவரும். எழுதுவோம்! திரைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் நம் அப்பாவாகவும் இருக்கலாம்.