விளக்கு சிமிட்டுகிறதா?

என் தம்பி பிள்ளைக்குப் பெங்களூரில் கெர்னல் உத்தியோகம் என்று கேள்விப்பட்டபோது, பையன் பட்டாளத்தில் கர்னலாகிவிட்டான் என்று நினைத்து நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். விஷயம் வேறு. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் புரோகிராம்களுக்கெல்லாம் இடம் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகிக்குக் கெர்னல் என்று பெயராம். லினக்ஸ் கெர்னலில் அந்தப் பங்கீடு எங்கே சிக்கிக்கொள்கிறது என்று துப்பறிவது இவன் வேலை.

போன கார்த்திகையில் ஒரு நாள் இரவு அந்த வேலையின் அருமை எனக்குத் தெரிந்தது. தொடர்கதை அத்தியாயம் விடிந்தால் பத்திரிகைக்குப் போக வேண்டும். கடைசிப் பாராவில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. எழுதியதை அவ்வப்போது சேமித்து வைக்கும் நல்ல பழக்கம் எனக்குக் கிடையாது.

டெலிபோனில் பையன் கேட்ட முதல் கேள்வி: “பெட்டியிலே சின்ன விளக்கு சிமிட்டறதா, பெரியப்பா?”

“ஓயாமல் சிமிட்டுகிறது.”

“அப்போ உயிர் இருக்கு. அணைச்சுடாதீங்கோ.”

நினைவகத்தைக் கெர்னல் பக்கம் பக்கமாகத்தான் பங்கிடுகிறதாம். ஒரு பக்கம் 4096 பைட். நினைவகம் நிரம்பிவிட்டால், ஒரு பக்கத்தை டிஸ்க்கில் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து வரும். சின்ன மேஜையில் இடமில்லாமல், ஒரு புத்தகத்தைப் பரணில் ஏற்றி வேறொன்றை இறக்குகிற மாதிரி. ஏற்றியதே அடுத்த நிமிஷம் வேண்டியிருந்தால் ஏறி இறங்குவதே பிழைப்பாகிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் கிடைத்துவிடுவதால், வேலை நடக்கிறது என்றே கெர்னல் நம்பிக்கொண்டிருக்கும். 2019 ஆகஸ்டில் இதைப் பற்றிக் கெர்னல்காரர்களிடையே பெரிய வாக்குவாதம் நடந்ததாம். காத்திருந்தே வீணாகும் நேரத்தை அளக்கும் கருவி 2018 டிசம்பரில், 4.20 பதிப்பிலேயே வந்துவிட்டது. அளந்து பார்த்து என்ன செய்வது என்பதில்தான் தகராறு.

“விளக்கு சிமிட்டாமல் இருந்தால்?” என்றேன்.

அது பொல்லாத கேஸாம். ஒருவன் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு இடம் கேட்டு நிற்பான். இடம் உண்டாக்க, கெர்னல் வேறொருவனுக்கு மரண தண்டனை விதிக்கும். தண்டனை பெற்றவனோ அதே பூட்டுக்குக் காத்திருப்பான். பூட்டு கிடைத்தால்தான் அவன் சாவான். அவன் செத்தால்தான் முதல்வன் பூட்டை விடுவான். திரை கல்லாய்ச் சமைந்துவிடும். ஆல்ட், சிஸ்ஆர்க்யூ, டபிள்யூ என்ற மூன்று சாவிகளைச் சேர்த்து அழுத்தினால், யார் யார் எந்த வாசலில் காத்து நிற்கிறார்கள் என்று கெர்னல் ஜாபிதா எழுதிக் கொடுக்குமாம். ஊகம் செய்யாமல் அதை வரி வரியாகப் படிப்பதுதான் துப்பறிதல். 2016 மே மாதம் வந்த 4.6 பதிப்பில் இதற்கென்றே ஒரு வேலையாளை நியமித்தார்கள். தண்டனை பெற்றவன் சாகும்வரை காத்திராமல் அவன் சொத்தை வாரிக்கொண்டு வருவது அவன் பணி. எனக்கு இந்த வேலையாள் மிகவும் பிடித்துப் போனான். கதையில் வைத்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

“உங்க கேஸுக்கு டபிள்யூ வேண்டாம், எஃப் அழுத்துங்கோ. யாராவது ஒருத்தரைத் தீர்த்துடும்.”

“யாரை?”

“யார் பருமனோ அவரை. எது பெரிசுன்னு அதுக்குத் தெரியும். எது உங்களுக்கு வேண்டியதுன்னு தெரியாது. முன்னாடியே ‘இவனைத் தொடாதே’ன்னு மைனஸ் ஆயிரம் எழுதி வெச்சிருக்கலாம். இப்போ முடியாது.”

என் நாவல் பருமனா? எட்டு மாதமாக வாசகர்கள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பயந்துகொண்டே அழுத்தினேன். அரை நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளக்கு நின்றது. திரையிலிருந்து பிரவுசர் மறைந்தது. என் அத்தியாயம் கடைசிக் கமா வரை அப்படியே இருந்தது.

“கதை இருக்கா, பெரியப்பா?”

“இருக்கிறதடா” என்றேன்.

பிரவுசரில் இருந்தது ஒரு கடிதம். மனைவியை இழந்த பழைய சிநேகிதருக்கு மூன்று நாளாகத் தயங்கித் தயங்கி எழுதியது, இன்னும் அனுப்பவில்லை. பையனிடம் அதைச் சொல்லவில்லை. அத்தியாயத்தைச் சேமித்துவிட்டு, மேஜை இழுப்பறையில் காகிதமும் பேனாவும் தேடினேன்.