யாம் செய்த திருத்தம்

அயல்மொழி கற்பார்க்கு நூலும் வேண்டும், செவிப்பயிற்சியும் வேண்டும் என்பதை மறுப்பாரிலர். எந்நாட்டு நூல், எந்நாட்டார் ஒலி என்று வினவுவாரோ சிலரே. யாம் அங்ஙனம் வினவாது ஸ்பானிய மொழி கற்கப் புகுந்து நாணமுற்றதை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கோடை விடுமுறையில் எமக்குக் கிடைத்த துணைகள் இரண்டு. ஒன்று, ஸ்பெயினில் அச்சான இலக்கண நூல். மற்றொன்று, காசியோதோரோ தே ரெய்னா என்பார் 1569-இல் வெளியிட, சிப்ரியானோ தே வலேரா என்பார் 1602-இல் திருத்திய வழியில் வந்த ஸ்பானிய வேதாகமம். இளமையிலேயே மனப்பாடமான அதிகாரங்கள் அதில் அகராதியின்றியே விளங்கின. யாமும் வல்லோமெனச் செருக்குற்றோம்.

கல்லூரி திறந்தபின், அர்ஜென்டீனாவின் தலைநகராகிய புவெனோஸ் அயிரெசினின்று இருவர் விருந்தினராக வந்தனர். யாம் அவர்களை 'வொசோத்ரோஸ்' என்று விளித்தோம். 'நீங்கள்' எனப் பொருள்படும் அச்சொல் ஸ்பெயினின் பெரும்பகுதியில் வழங்குவது. அமெரிக்க நாடுகளில் மக்கள் 'உஸ்தேதெஸ்' என்றே பேசுவர். ஆதலின் எம் பேச்சு அவர் செவிக்குப் பிரசங்கம்போல் ஒலித்திருக்கும். அம்மட்டோ! அவருள் மூத்த அம்மையார், 'நீ உடையாய்' என்பதை 'வோஸ் தெனேஸ்' என்றார். எம் நூலிற் கண்டதோ 'தூ தியெனெஸ்'. உடனே யாம் அவரைத் திருத்தினோம்! தாய்மொழியாகப் பேசுவாரை, மூன்று திங்கள் கற்ற யாம் திருத்தினோம். அவர் சினவாது, "எங்கள் அன்னையர் எங்களை விளித்த சொல் அது, மகனே" என்றார்.

பின்னர் ஆராய்ந்தோம். 'வோஸ்' பண்டு ஸ்பெயினில் மதிப்புக்குரியாரை விளித்த சொல். அங்கு வழக்கொழிந்தும், அர்ஜென்டீனா, உருகுவே முதலிய நாடுகளில் அன்றாட வழக்காய் நிலைத்தது. திசைச்சொல்லை நால்வகைச் சொல்லுள் ஒன்றாக வைத்துப் பயிலும் தமிழ் மாணவராகிய யாமே, பிறமொழியின் திசைவழக்கைப் பிழையெனக் கொண்டது பேதைமையன்றோ?

நிற்க. சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் இம்மொழியைக் கற்க விரும்பும் நண்பர்க்கு யாம் கண்டவற்றுட் சில கூறுவோம். யாருடன் பேச விழைகின்றோம் என்பதை முதலில் துணிக. பின்னர் நூலும் ஒலிப்பதிவும் அந்நாட்டினவாகவே தேர்க. தெருவைக் குறிக்கும் ஒரே சொல் மாட்ரிட்டிற் 'காயே' என்றும், புவெனோஸ் அயிரெசிற் 'காஷே' என்றும் ஒலிக்கும். நூல் ஒரு நாட்டதும் ஒலி மற்றொரு நாட்டதுமாயின் தொடக்கத்தார் மயங்குவர். அகராதியோ, சொல் வழங்கும் நாட்டைக் குறிப்பதாதல் வேண்டும். உருளைக்கிழங்கு ஸ்பெயினிற் பெரும்பாலும் 'பத்தாத்தா'. அமெரிக்க நாடுகளிற் 'பாப்பா'. பின்னது கெச்சுவா மொழி தந்த சொல். 1713-இல் நிறுவப்பெற்ற ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதி இத்தகைய நாட்டுக் குறிகளை இடுகின்றது. ஒரு வழக்கிற் காலூன்றியபின் ஏனையவற்றிற்குச் செவிகொடுத்தல் எளிது.

அம்மையார் எமக்கு விட்டுச்சென்ற சிறுவர் கதைநூல் ஒன்றை இப்பொழுது வாசித்து வருகின்றோம். அதில் தாய் தன் மகனை 'வோஸ்' என்று விளிக்குந்தோறும், யாம் செய்த திருத்தம் நினைவுக்கு வருகின்றது.