ஓட்ஸ் பால் பிறந்த ஊர்: லுண்ட் முதல் மால்மோ வரை!

ஸ்வீடன் நாட்டின் தென்கோடியில் இருக்கிறது ஸ்கோனே மாகாணம். தானியம் விளையும் சமவெளி பூமி. அங்குள்ள லுண்ட் நகரம் பழைமைக்குப் பெயர்போனது. 1666-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், 12-ம் நூற்றாண்டுத் தேவாலயம், அதனுள் இன்றும் இசையோடு மணி சொல்லும் வானியல் கடிகாரம் என்று பார்க்க நிறைய உண்டு. இன்று உலகெங்கும் காபிக் கடைகளில் கேட்டு வாங்கும் ஓட்ஸ் பால் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

வயிற்றுக்காக ஒரு தேடல்

1990-களின் தொடக்கம். லுண்ட் பல்கலைக்கழக உணவு விஞ்ஞானி ரிக்கார்ட் ஓஸ்டே, பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காதவர்களுக்காக ஒரு மாற்றைத் தேடினார். உலகில் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இதைச் செரிக்கும் திறன் குறைவு. பால் குடித்தால் சிலருக்கு வயிற்று உப்புசம், சிலருக்கு வயிற்றுப்போக்கு.

ஓட்ஸை ஊறவைத்து அரைத்துச் சூடாக்கினால் கொழகொழவெனக் கஞ்சியாகிவிடும். ஓஸ்டே அதில் என்சைம்களைச் சேர்த்து மாவுச்சத்தை உடைத்தார். சக்கையை வடிகட்டியதும், குடிக்கும் பதத்தில் லேசான இனிப்போடு பால் கிடைத்தது. அந்த இனிப்பு, மாவுச்சத்து உடைந்து வரும் மால்டோஸ் சர்க்கரை. 'சர்க்கரை சேர்க்காதது' என்று எழுதியிருந்தாலும் நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

'பால்' என்று எழுதக் கூடாது!

லுண்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் மால்மோ. ஓஸ்டேயின் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த ஓட்லி நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான். ஆனால், இந்த ஊர்க் கடைகளில் 'ஓட்ஸ் பால்' என்று தேடினால் கிடைக்காது. பாக்கெட்டில் 'ஹாவ்ரெட்ரிக்', அதாவது 'ஓட்ஸ் பானம்' என்றுதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, இதை 'பால்' என்ற பெயரில் விற்க முடியாது.

அந்தப் பெயர் வித்தியாசம் சத்திலும் உண்டு. 200 மி.லி. பசும்பாலில் 6 முதல் 7 கிராம் புரதம் இருக்கும். அதே அளவு ஓட்ஸ் பாலில் சுமார் 2 கிராம்தான். கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவை தயாரிப்பாளர் தனியாகச் சேர்த்தால் மட்டுமே போதிய அளவில் கிடைக்கும். வீட்டில் அரைத்து வடிகட்டும் ஓட்ஸ் பாலில் அவை சேர்வதில்லை.

நல்ல பக்கமும் உண்டு. ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் நார்ச்சத்து, தினமும் 3 கிராம் கிடைத்தால் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். ஆனால், ஒரு டம்ளர் ஓட்ஸ் பாலில் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான்.

ஃபீகா நேரம்

காபியும் இனிப்பு பன்னுமாக வேலைக்கு நடுவே உட்கார்ந்து பேசும் இடைவேளையை ஸ்வீடன்காரர்கள் 'ஃபீகா' என்கிறார்கள். அந்தக் காபிக்கு 'பாரிஸ்டா' வகை ஓட்ஸ் பால் ஏற்றது. காபியின் புளிப்பில் திரியாமல், நுரையும் நன்றாக வரும். பான்கேக், ஸ்மூத்தி, சூப், கேக் என மற்றவற்றிலும் பாலுக்குப் பதில் சேர்க்கலாம். உறை ஊற்றினால் மட்டும் பசும்பால்போலத் தயிராகாது.

யார் கவனிக்க வேண்டும்?

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ, ஃபார்முலா பாலுக்கோ இது மாற்றல்ல. வளரும் பிள்ளைகளுக்குப் பசும்பாலை நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பதாக இருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் 'குளூட்டன் ஃப்ரீ' முத்திரை பார்த்தே வாங்க வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லுண்ட் தந்த நல்ல வழி இது. வாங்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கத்தில் புரதம், கால்சியம், சர்க்கரை ஆகிய மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.