மணமக்கள் சாப்பிடும் மேசை

மதுரைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மேடை அலங்காரத்துக்குக் கிடைக்கிற மரியாதை, பந்திக் கூடத்தில் மணமக்கள் உட்கார்ந்து சாப்பிடும் மேசைக்குக் கிடைப்பதில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் அந்த மேசைக்காகவே பெயர் எடுத்தவர். பூவோடுதான் வேலை தொடங்கும் என்று நினைத்து அவரிடம் சேர்ந்தேன். அவர் என் கையில் கொடுத்தது சாட்டின் துணியும் குண்டூசி டப்பாவும்.

மேசை ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். வெள்ளை விரிப்புக்குக் கீழே சுற்றிலும் ஃப்ரில் வரும், சேலைக் கொசுவம் மாதிரி மடித்து மடித்துக் குத்த வேண்டிய துணி. பருத்தியை நகத்தால் கீறினால் மடிப்பு நிற்கும். சாட்டின் வழுக்கிக்கொண்டு ஓடும். மடித்த விரலை எடுக்காமலே மறுகையால் ஊசி ஏற்ற வேண்டும். ஆரம்பத்தில் நெருக்கமாக மடித்துவிடுவேன், கடைசி மூலைக்குத் துணி பற்றாது. அண்ணன் திட்டமாட்டார். "அவுத்துருப்பா" என்பார். மூலையை மட்டுமல்ல, முழுவதையும். பிறகு புறங்கையால் விளிம்பைத் தடவிக்கொண்டே போவார். ஓர் ஊசிமுனை தட்டுப்பட்டாலும் கல்யாணப் பெண்ணின் பட்டுச்சேலையில் அது மாட்டும் என்பது அவர் கணக்கு.

அதைவிட நெடுநாள் என்னைத் திணறவைத்தது பூ செருகும் பச்சை ஃபோம். தண்ணீரில் போட்டதும் மிதக்கும். நேரமாகிறதே என்று கையால் அமுக்கி முக்குவேன். பந்தி தொடங்குவதற்குள் ஜெர்பரா தலை தொங்கிவிடும். ஒருநாள் அண்ணன் அந்தக் கட்டியைக் கத்தியால் பிளந்து காட்டினார். ஓரமெல்லாம் கரும்பச்சை, நடுவில் காற்று அடைபட்டு வெளிறிய, உலர்ந்த திட்டு. "மெதக்க விடு. அதுவாக் குடிச்சு அதுவா எறங்கும். நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு." தண்டைச் சாய்வாக வெட்டி ஒரே குத்தில் இறக்க வேண்டும், பிடுங்கி அதே துளையில் செருகினால் தண்டின் அடியில் இடைவெளி விழுந்து தண்ணீர் எட்டாது. நன்றாக ஊறிய ஃபோமில் தண்டு இறங்கும்போது விரல்நுனிக்கு ஒரு மெல்லிய நறுநறுப்பு வரும். உலர்ந்த இடமென்றால் பொடியாய் உதிரும். அந்த வித்தியாசம் கைக்குப் பிடிபட்ட பிறகுதான் பூ என் பேச்சைக் கேட்டது.

பூத் தேர்விலும் அவர் கண்டிப்பானவர். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து அள்ளிவந்து மேசையில் குவித்தேன். "ரசத்துல மல்லி வாசம் அடிச்சா யாருப்பா குடிப்பா?" என்று எடுக்கச் சொன்னார். அரளியை அந்த மேசைக்கு அருகிலேயே விடமாட்டார். மாலைக்கு ஆகும், ஆனால் செடி முழுக்க நஞ்சு. பூவின் உயரம் ஒரு சாணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மணமக்கள் முகம் மறையும்.

இத்தனையும் கற்ற பிறகும் என் மேசை சரியாக வரவில்லை. எதிர்ப்பக்க விளிம்பு முழுக்கப் பூ வைத்தேன், படத்துக்கு அழகாக இருக்கும் என்று. பூவெல்லாம் சாம்பார் தெறித்தது. அண்ணன் காரணம் சொல்லாமல் என் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துப் பொதுப்பந்தியில் பரிமாற அனுப்பினார். பரிமாறுகிறவன் எதிரே நின்றுதான் குனிகிறான். வாளியும் கரண்டியும் இலைக்கு வரும் வழியிலேயே நான் பூவை அடைத்திருந்தேன்.

அடுத்த கல்யாணத்தில் இலையிலிருந்து தொடங்கினேன். ஆளுக்கு இரண்டடி ஒதுக்கி, தலைவாழை இலையின் நுனி இடப்பக்கம் வர வைத்துப் பார்த்து, ஒவ்வோர் இலைக்கும் எதிரே வெறும் துணியை விட்டுவிட்டுப் பூவை நடுவிலும் இரு ஓரங்களிலும் நிறுத்தினேன். பாயசம்வரை ஓர் இதழும் நனையவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த முகூர்த்தத்துக்குப் பூ வாங்கப் பணத்தைக் கொடுத்து என்னைத் தனியாகச் சந்தைக்கு அனுப்பினார்.