உத்திர வீதியிலிருந்து பஞ்சப்பூர் வரை

பணி ஓய்வில் கைக்கு வந்த பணத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடவேண்டும் என்பது அக்காவின் ஆசை. "தரகர் சொல்றதை நான் ஒருத்தியா கேட்டா போதாது, நீயும் வா" என்றாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் நின்றோம்.

தைத்தேர் சுற்றிவரும் வீதி. வாசல்களில் ஈரம் காயாத கோலங்கள். கோயிலை நோக்கி மெல்ல நடக்கும் முதியவர்கள். நாங்கள் பார்க்க வந்தது ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. அக்கா படிகளை எண்ணிக்கொண்டே ஏறினாள்: முப்பத்தெட்டு. பெருமாள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இங்கே குடிவரும் வயதானவர்கள் கேட்பது கீழ்த்தளம். "அம்மா இருந்தா ஏறியிருப்பாளா?" என்றாள்.

அதைவிடப் பெரிய கேள்வி மண்ணில் இருந்தது. கோயிலைச் சுற்றிய உத்திர, சித்திரை, அடையவளஞ்சான் வீதிகளில் பல மனைகளைத் தன்னுடையவை என்று கோயில் நிர்வாகம் கோருகிறது. ஊரில் இதற்கு 'அடிமனைப் பிரச்சினை' என்று பெயர். தலைமுறைகளாகக் குடியிருந்தும் பத்திரம் பதிய முடியாமல் தவித்த குடும்பங்கள் உண்டு. தரகர் இதைக் கடைசியில்தான் சொன்னார். தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வழக்கறிஞர் கைக்குப் போகாமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தருவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தோம்.

காபிக் கடையில் கணக்குப் போட்டோம். விலை 50 லட்சம் என்று வைப்போம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் 54.5 லட்சம். மாதம் 14,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1.68 லட்சம். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும். சொத்து வரி, சுண்ணாம்பு, குழாய் வேலை எல்லாம் போக 1.4 லட்சம் மிஞ்சலாம். போட்ட பணத்தில் அது 2.6 சதவீதம்கூட இல்லை. வங்கி வைப்பே இதைவிட அதிகம் தரும். மீதியை மனையின் விலையேற்றம்தான் ஈடுகட்ட வேண்டும். கட்டடமோ ஆண்டுக்காண்டு பழசாகும். அடுக்ககத்தில் நம் பங்குக்கு வரும் மண் கொஞ்சம்தான்.

அடுத்த வீட்டைப் பார்க்க நாங்கள் போன ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. 2022 நவம்பரில் இதைப் பழுதுபார்க்க மூடி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அத்தனை மாதமும் பஸ்கள் சுற்றிப் போயின. ஸ்ரீரங்கம் தீவில் வீடு வாங்குகிறவர் பாலத்தையும் சேர்த்தே கணக்கில் வைக்க வேண்டும்.

மதியம் திருவெறும்பூர். இரண்டு போர்ஷன் உள்ள தனி வீடு. ஒன்று காலியானாலும் மற்றொன்றின் வாடகை வரும். ஆனால் இந்த வட்டாரம் பெல் ஆலையை நம்பி வளர்ந்தது. ஆர்டர் குறைந்தபோது அதைச் சார்ந்த சிறு பட்டறைகள் பல மூடின. அதனால் தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்தோம். வெல்டர், பள்ளி ஆசிரியை, துவாக்குடி கல்லூரி ஊழியர் என்று கலந்திருந்தார்கள். அது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

முன் போர்ஷனில் குடியிருக்கும் பெண்ணிடம், முந்தின வீட்டை ஏன் விட்டார் என்று அக்கா கேட்டாள். "மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி வாசப்படி ஏறிடும்க்கா. பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி இருக்கிறது?"

மாலையில் பஞ்சப்பூர். 2025 மே மாதம் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையம் மனை விலையை ஏற்றிவிட்டது. மதுரைச் சாலையை ஒட்டி எங்கு பார்த்தாலும் மனை விற்பனைப் பலகைகள். ஆனால் உள்ளே போனால் கடையும் பள்ளியும் தூரம். மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் இங்கேதான். கோரையாறும் பக்கத்தில் ஓடுகிறது. பத்து ஆண்டு காத்திருக்க முடிந்தவருக்கு இது நல்ல இடமாகலாம். அடுத்த மாதமே வாடகையை எதிர்பார்க்கும் அக்காவுக்கு ஆகாது.

விலை ஏறுமா என்பது நம் நம்பிக்கை. வாடகை அப்படியல்ல, அது இன்னொரு குடும்பத்தின் தண்ணீர், படிக்கட்டு, பஸ், தூக்கம். அவை சரியாக இருக்கும் தெருவில்தான் அவர்கள் தங்குவார்கள். அவர்கள் தங்கினால்தான் நம் கணக்கு நிற்கும்.

திரும்பும் வழியில் அக்கா சொன்னாள்: "திருவெறும்பூர் வீட்டை இன்னொரு தடவை பார்க்கணும். நல்லா மழை கொட்டுற அன்னைக்குப் போவோம்."